வாசலை நோக்கிய சரிவு

கொத்தனார் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கே வந்து நின்றார். கூடவே அவர் மனைவி, தலையில் கவிழ்த்த இரும்புச் சட்டியும் கையில் சாப்பாட்டுப் பையுமாக. அவர் பூசுவார், அவள் கலவை போட்டுக் கொடுப்பாள். இருபது வருடமாக ஒரே வேலைக்கு ஒன்றாகப் போய் வருகிறவர்கள். கேட்டைத் திறக்கும்போதே எதற்கோ வாக்குவாதம் செய்துகொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

"உளிய எடுத்து வெச்சியான்னு கேட்டதுக்கு ஆமான்னியே?"

"எடுத்துத்தான் வெச்சேன். நம்ம வீட்டு வாசப்படில. அங்கேருந்து தூக்கிட்டு வர்றதும் நானேவா?"

கதவைத் திறந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இது சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்குப் புரிந்தது. முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஏழு மாதமாகவே அப்படித்தான். அழ வேண்டிய இடங்களிலும் இப்படியே நின்றிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள், "மனசத் தேத்திக்கிட்டார், கெட்டிக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தேற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. கொதிக்கிற டீயைக் குடித்துவிட்டு, மறுநாள் நாக்கில் தோல் உரிந்தபோதுதான் அது சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் அவர்.

அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். ஒரு கால், ஒரு கொம்பு அவர் கண்ணுக்குத் தப்பாது. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் திருத்தம். அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மனைவி நல்ல மனநிலையில் இருந்தால், "திருத்தம் சாருக்கு டீ ஆறுது" என்பாள். கோபமாக இருந்தால் வெறும் "என்னங்க"தான்.

கூடத்தைத் தாண்டி ஒரு சின்ன நடை. நடையின் கடைசியில் குளியலறை. கூடத்தில் அவர் மேசை போட்டிருந்த இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கதவு நேரே தெரியும். மேசைமேல் பசைக் குப்பி, மெழுகு தடவிய நூல், பாதி தைத்த புத்தகம், கண்ணாடியில் தீட்டுகிற வண்ணங்கள், மரம் செதுக்கும் குட்டி உளிகள். ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட பொழுதுபோக்குகள்; எதையும் அவர் முழுதாக முடித்ததில்லை. மேசைக்கு அடியில் ஒரு பிரம்புக் கூடை. பழைய துணிகளைக் கீற்றாகக் கிழித்து அவள் பின்னிக்கொண்டிருந்த மிதியடி அதில் இருந்தது, கொக்கி ஊசி குத்தியபடியே. அதை அவர் தொடவில்லை.

"சார், சுவர் டைல்ஸெல்லாம் நல்லாத்தானே இருக்கு? தரைய மட்டும் மாத்தினா செலவு பாதியாக் குறையும்" என்றார் கொத்தனார்.

"எல்லாத்தையும் உடைச்சுடுங்க."

மகளுக்கு வேறு ஊரில் வேலை. வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுவாள். "வீட்டையே குடுத்துட்டு இங்க வந்துடப் போறீங்க. இப்பப் போய் பாத்ரூம எதுக்குப்பா மாத்தறீங்க?" என்று கேட்டிருந்தாள். "முடிச்சிட்டு வர்றேன்" என்றார். அம்மா விழுந்த இடத்தைப் பார்க்க முடியாமல்தான் அப்பா இப்படிச் செய்கிறார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் அவரைக் கூட்டிப்போக வருவதாக இருந்தாள். அதற்குள் அந்தத் தரை இல்லாமல் போக வேண்டும்.

ஏனென்றால், அந்தத் தரையைப் போட்டது அவர்தான்.

போன வருடம் பழைய தரை வெடித்துப்போனபோது, ஆள் வைத்துச் செய்யக் கையில் வசதி இல்லை. "நானே போட்டுடறேன்" என்றார். புத்தகம் தைக்கிற கை, மரம் செதுக்குகிற கை, நாலு வீடியோ பார்த்தால் இது வராதா? டைல்ஸ் கடையின் பின்கட்டில், யார் யார் வீட்டுக்கோ வாங்கி மிஞ்சிய பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன, ஐந்து நிறத்தில். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள்.

"பாத்ரூமையும் உங்க பொழுதுபோக்குல சேத்தாச்சா? அப்ப நான் குளிக்க அடுத்த வருஷம் ஆகும்."

தரையும், அதற்குப் பிறகு சுவருக்கு டைல்ஸும் முடிய நான்கு மாதம் ஆனது. நடுநடுவே புத்தகம், நடுநடுவே கண்ணாடி ஓவியம்.

தரைக்குச் சரிவு வைக்க ஒரு முறை உண்டு. முழங்கால் உயரத்தில் நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்து அளந்து தரையைப் போட வேண்டும். தண்ணீர் போகும் துளை உள்மூலையில் இருந்தது. அங்கே அளவு கூடுதலாகவும் வாசலில் குறைவாகவும் வர வேண்டும். மேலிருந்து அளப்பதால், எண் கூடினால் தரை தாழும். அவரோ எண் கூடினால் உயரம் என்று எடுத்துக்கொண்டார். பெரிய எண்ணை வாசல் பக்கம் எழுதினார், சின்ன எண்ணை மூலையில் எழுதினார். ஊரார் தலைகீழாகப் போட்ட எண்களை எல்லாம் முப்பத்திரண்டு வருடம் பிடித்துக் கொடுத்தவர்.

முதல் வாளித் தண்ணீரை ஊற்றினார். அது மூலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே வாசலுக்கு வந்து அவர் காலடியில் நின்றது. அவள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். துணியைப் போட்டு அவசரமாக ஒற்றி எடுத்தார். மறுநாள் அவள் குளித்துவிட்டு வந்து கேட்டபோது, "பழைய வீடு. அடியில மண்ணு இறங்கியிருக்கு" என்றார். அவள் நம்பினாள். வீட்டுக்கு வயதானதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? ரப்பர் பட்டை வைத்த வைப்பர் ஒன்றை வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குக் குளிப்பாள். குளித்து முடித்ததும் வாசலில் தேங்கி நிற்பதை மூலைக்குத் தள்ளுவாள். இரண்டு நீளம், ஒரு குட்டை. சர்ர்ர்... சர்ர்ர்... சர். கடைசியில் ரப்பரில் ஒட்டிய ஈரத்தை உதறக் கட்டையால் சுவரில் இரண்டு தட்டு. டக், டக். மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே அவர், "அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்" என்பார்.

"உங்க அடுத்த வாரத்துக்கு நரை விழுந்தாச்சு" என்பாள் உள்ளேயிருந்து.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், நீளமாகத் தொடங்கிய ஒரு சர்ர்ர் பாதியில் நின்றது. ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவர் கையில் ஊசி இருந்தது. முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

வாசற்படியின் கல் விளிம்பில் அவள் தலை பட்டிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் மகள் ஓடி வந்து, "எப்படிப்பா?" என்று கேட்டபோது, அவர் வாயில் வந்தது இதுதான்: "சோப்பு நுரை. அலசி விடாம வந்துட்டா."

சொன்ன பிறகு அதைத் திருத்தவில்லை.

*

கொத்தனார் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். யாரோ கூப்பிட்டதுபோல அது வாசலுக்கு வந்தது.

"ஏய், இங்க வந்து பாரு இந்த அநியாயத்த! வாட்டம் வாசலுக்கு!" சரிவை அவர்கள் வாட்டம் என்றுதான் சொல்வார்கள். "யாரு சார் இதப் போட்டது?"

"முன்னாடி ஒரு ஆள்."

"அவனெல்லாம் ஒரு ஆளா? இதுல வழுக்கி விழுந்தா மண்டை..."

கொத்தனாரின் மனைவி அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். தெருவில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கொத்தனார் வாயை மூடிக்கொண்டு சுத்தியலை எடுத்தார்.

மதியத்துக்குள் சுவர் டைல்ஸ் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. உள்ளே பழைய பூச்சில் பென்சில் கோடும், கோட்டுக்குக் கீழே எண்களும் அழியாமல் இருந்தன.

"எண்ணத் தலைகீழா எழுதியிருக்கான் பாரு. எழுத்து மட்டும் அச்சுல அடிச்ச மாதிரி" என்றார் கொத்தனார்.

அவர் மனைவி வேலையை நிறுத்தினாள். மணலுக்கும் சிமெண்டுக்கும் காலையில் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கையில் இருந்தது. சீட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். நடையில் நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சட்டியிலிருந்து ஒரு கை கலவையை அள்ளி அந்த எண்கள் மேல் தானே அப்பினாள்.

மூன்றாம் நாள் தரை முழுக்க உடைந்து, சல்லியும் செங்கல் துண்டுமாகக் கிடந்தது. கணவனும் மனைவியும் கேட் ஓரத்து நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உளிச் சண்டை இன்னும் முடியவில்லை. திருத்தம் தன் மேசைமுன் உட்கார்ந்து நூலில் மெழுகு தடவிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். கூடத்துத் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் வரிவரியாக விழுந்திருந்தது. மணி பதினொன்று.

சர்ர்ர்.

ஈரமான, வழுவழுப்பான தரையில் ரப்பர் போகிற சத்தம்.

சர்ர்ர்... சர்.

கொத்தனாரின் மனைவி உள்ளே கழுவுகிறாள் என்று நினைத்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவள் கேட் ஓரத்தில் டம்ளரை ஊதிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நடையில் போனார். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. தண்ணீரைத் தள்ளுவதற்கு அங்கே தரையே இல்லை. சல்லி மேல் காய்ந்த தூசி கலையாமல் படிந்திருந்தது. சோப்பு வாசனை மட்டும் வந்தது. பச்சை உறையில் வருகிற மலிவான சோப்பு, அவள் ஒருத்திதான் அதைப் போடுவாள். வீட்டில் அது தீர்ந்து மாதக்கணக்கு ஆகிறது.

டக், டக்.

சத்தம் அவர் முகத்துக்கு நேரே, உடைந்த சுவரிலிருந்து வந்தது.

பயம் வந்திருக்க வேண்டும். வருகிறதா என்று நின்று பார்த்தார். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல இருந்தது. திரும்பி வந்து நூலை எடுத்துக்கொண்டார்.

அந்த வைப்பரை அவர் அப்போதே ஒழித்துவிட்டார். அவளைக் கொண்டுபோன மறுநாள், கைப்பிடியை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து, குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டார். வேறு வைப்பர் வாங்கவில்லை.

*

புதுத் தரை அருமையாக வந்தது. கொத்தனார் வாய்தான் நீளம், கை சுத்தம். ஒரு வாளித் தண்ணீரை வாசலில் நின்று கவிழ்த்துக் காட்டினார். "பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடுது பாருங்க!" தண்ணீர் மூலைக்கு ஓடி, களக் களக்கென்று இறங்கி மறைந்தது. வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை.

"இடுக்குல பூசின சிமெண்ட் இறுகணும். ரெண்டு நாள் யாரும் கால் வைக்கக் கூடாது" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"யாரு சார் காய்ஞ்ச தரையில வைப்பர் போட்டது?"

வெளிர்நிற டைல்ஸ் மேல் கறுப்புத் தீற்றல்கள். வாசலில் தொடங்கி மூலை வரைக்கும். ரப்பரை அழுத்தித் தேய்த்தால் விழுகிற கறை. இரண்டு நீளம், ஒரு குட்டை. மறுபடி இரண்டு நீளம், ஒரு குட்டை.

"வீட்ல வைப்பர் இல்ல" என்றார் திருத்தம்.

கொத்தனார் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தின்னரும் துணியும் எடுக்க வெளியே போனார். அவர் மனைவி மட்டும் நடையில் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா... நேத்து மண்ணு சட்டி எடுக்க வந்தேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. உள்ள யாரோ தள்ளிட்டிருந்தாங்க."

அவர் அந்தத் தீற்றல்களைப் பார்த்தார்.

"தண்ணியே இல்ல. ஆனா தள்ளினாங்க. வேலை முடிஞ்சிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரியல போல." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "யாராவது உள்ளதச் சொல்லணும் ஐயா. நாளையிலேர்ந்து இவரு மட்டும் வருவாரு. நான் வரல."

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வேலை செய்தார். உடைந்த கோப்பைகளைச் சில்லாக்கிச் சுவரைச் சுற்றி ஒரு பட்டை பதித்தார். உயரத்து ஜன்னல் கண்ணாடியில் நீலத்திலும் பச்சையிலும் இலைகள் தீட்டினார். பழைய அலமாரிப் பலகையைச் செதுக்கி சோப்பு வைக்கத் தட்டு செய்தார். கையிலிருந்த பொழுதுபோக்கு எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் போய்ச் சேர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எடுத்த வேலையை முடித்தார். இனி வாசற்படியில் நின்று யார் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மூலைக்குத்தான் போகும். பழைய தரை ஒன்று இருந்ததற்கு அடையாளமே கிடையாது.

தினமும் பதினொரு மணிக்குச் சத்தம் வந்தது. இப்போது சர்ர்ர் இல்லை. காய்ந்த டைல்ஸில் ரப்பர் இழுபடுகிற சத்தம். கிரீ...ச். கிரீ...ச். கிரீச். கேட்டால் பல் கூச வேண்டும். அவருக்குக் கூசவில்லை. டக், டக் என்று முடிந்ததும், தின்னரில் நனைத்த துணியோடு உள்ளே போய்க் கறையைத் துடைத்துவிட்டு வந்து உட்காருவார்.

*

மகள் வந்தாள். பையைக் கீழே வைக்காமலே நேரே குளியலறைக்குப் போய்ப் பார்த்தாள்.

"அப்பா! நீங்களா முடிச்சீங்க? இத நம்பணும்னா அம்மாவே நேர்ல வரணும்." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இலை தீட்டிய கண்ணாடி வழியாக அவள் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்தது. "அவங்க இருந்தா இதுக்குள்ளயே குடியிருப்பாங்க."

அன்று மாலை அவருடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்ப்பா. எனக்கு அம்மா மேல பயங்கரக் கோவம். இன்னும் போகல. படத்தப் பாத்தாக்கூட கோவம்தான் வருது. ஒரு குவளைத் தண்ணி ஊத்தி அந்த நுரைய அலசி விட்டிருந்தா? அவ்வளவுதானே? அப்படி என்ன அவசரம்?" ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "செத்துப்போனவங்க மேல எத்தன நாளைக்குப்பா கோவமா இருக்கறது?"

சொல்ல வேண்டிய வாக்கியம் அவருக்குத் தெரியும். சின்ன வாக்கியம்தான். அதன் தலைக்கும் வாலுக்கும் நடுவே எங்கோ வாய் ஒட்டிக்கொண்டது.

"பழைய சட்டையெல்லாம் வேண்டாம்" என்றார்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனபோது அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம். அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

பதினொன்று.

"அப்பா..." உள்ளேயிருந்து மகளின் குரல். "இங்க வைப்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"வாசல்கிட்ட தண்ணி நிக்குது."

"நிக்காது. புது வாட்டம். மூலைக்குத்தான் போகும்."

"நிக்குதுப்பா. ஏறிட்டே வருது."

சர்ர்ர்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அப்பா." குரல் இப்போது கிசுகிசுப்பாக, கதவை ஒட்டி வந்தது. "நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி தானா நகருது. யாரோ தள்ற மாதிரி... என் கால இடிச்சிட்டுப் போகுது."

சர்ர்ர்... சர்.

நடை எத்தனை அடி என்று அவருக்குத் தெரியும். அன்று அது நீண்டுகொண்டே போனது. கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். மரம் ஈரமாக இருந்தது.

"அசையாத. அடி எடுத்து வைக்காத. அங்கயே நில்லு."

"என்னப்பா இது?"

"சோப்பு இல்லம்மா."

"என்ன?"

"நுரை இல்ல. அவ அலசாம விடல. தண்ணி. தரை வாசலுக்குச் சரிஞ்சிருந்தது. நான் போட்ட தரை. எண்ணத் தலைகீழா எழுதிட்டேன். முதல் நாளே தெரியும், தெரிஞ்சும் சொல்லல. தினம் தினம் அவ தள்ளினா. எட்டு மாசம். அடுத்த வாரம் அடுத்த வாரம்னு நான் இங்க உக்காந்து புத்தகம் தச்சிட்டிருந்தேன். அன்னிக்கும் தள்ளிட்டிருந்தப்பதான் விழுந்தா. அவ மேல தப்பே இல்ல. தப்பு என்னோடது."

ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நீளம் பாதியில் நின்றுபோனதுபோல.

பிறகு உள்ளே தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் மூலைக்கு ஓடி, களக் களக்கென்று இறங்கியது. தாழ்ப்பாள் விலகியது. மகள் தலையில் சுற்றிய துண்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தரை துடைத்துவிட்டதுபோலக் காய்ந்திருந்தது.

அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏழு மாசம்ப்பா. ஏழு மாசமா நான் அவங்களத் திட்டிட்டிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"அம்மாவுக்காவது தெரியுமா? நீங்க தப்பாப் போட்டதுன்னு?"

"தெரியாது. வீடு பழசு, தரை இறங்கிடுச்சுன்னு சொல்லியிருந்தேன். நம்பிட்டா."

மகள் மெதுவாகத் திரும்பி, காலியான குளியலறையைப் பார்த்தாள். நீலமும் பச்சையுமான வெளிச்சம் தரையில் அசையாமல் கிடந்தது.

"இப்பத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் மிக மெல்ல.

மதிய வண்டிக்கே கிளம்பிவிட்டாள். அடுக்கிய பெட்டியை மூடவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டில் நின்று, "நீங்க போன் பண்ணாதீங்க. நானே பண்றேன்" என்றாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை. போகும்போது அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதற்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

*

மறுநாள் அவர் குளிக்கவில்லை. குளியலறைக்குள் போய் ஒவ்வொரு குழாயையும் இறுக்கி மூடினார். தரையைத் தொட்டுப் பார்த்தார், பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வையும் அடைத்தார். மேசைக்கு அடியிலிருந்த கூடையிலிருந்து அந்த முடியாத மிதியடியை எடுத்து, கொக்கி ஊசியை உருவாமல், குளியலறை வாசலில் விரித்துப் போட்டார். பிறகு வந்து தன் நாற்காலியில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

உள்ளதைச் சொல்லியாயிற்று. கொத்தனாரின் மனைவி சொன்னது அதுதானே? இனி யாரும் எதையும் தள்ள வேண்டியதில்லை.

கூடத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் நகர்ந்து நகர்ந்து வழக்கமான இடத்துக்கு வந்தது. பதினொன்று. பதினொன்று அடித்து ஒரு நிமிடம். இரண்டு.

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போது அந்த வாசனை வந்தது. பச்சை உறைச் சோப்பு.

சர்ர்ர்.

இந்த முறை சத்தம் மூலையை நோக்கிப் போகவில்லை.

மூலையிலிருந்து வந்தது.

சர்ர்ர்.

சாத்தியிருந்த கதவுக்கு அடியில் கோடாகத் தெரிந்த வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து கறுத்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த விரற்கடை இடைவெளியில் தண்ணீர் மெல்லிய தகடாக வெளியே வந்தது. கொத்தனார் வைத்த வாட்டத்தை எதிர்த்து ஏறி, வாசற்படியைத் தாண்டி வந்தது. மிதியடி அதை வாங்கிக்கொண்டு கறுத்தது. மிதியடியையும் தாண்டியது.

சர்.

ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு முழம் முன்னால் வந்தது. ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவே, இடுப்பை நிமிர்த்திக்கொள்கிற நேரம். அதற்குள் விளிம்பு நடுங்கிக்கொண்டே நிற்கும். பிறகு மறுபடி இரண்டு நீளம், ஒரு குட்டை. நடையைக் கடந்தது. கூடத்துக்குள் வந்தது. ஜன்னல் கம்பி நிழல்களை ஒவ்வொன்றாகத் தாண்டியது. அவசரமே இல்லை. எட்டு மாதம் தினமும் செய்த வேலை, கை பழகியிருந்தது.

அவர் காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டிருக்கலாம். செருப்பும் பக்கத்தில்தான் கிடந்தது.

வைத்த இடத்திலேயே கால்களை வைத்திருந்தார்.

தண்ணீர் முதலில் பெருவிரலைத் தொட்டது. பிறகு பாதத்தைச் சுற்றி ஏறி நின்றது.

சில்லென்றிருந்தது.

ஏழு மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று அவருக்கு உறைத்தது. குளிர் கணுக்காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, மேலே மேலே வந்துகொண்டே இருந்தது. அவர் உதடு நடுங்கியது. கூப்பிட வாயைத் திறந்தார். எந்தப் பெயரும் வரவில்லை.

டக், டக்.

இந்த முறை தட்டியது சுவரில் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில்.